மானுக்குப் பிணை நின்ற மாநபியைப் பாடிய உமறுப் புலவர்

தென்பாண்டி நாட்டு முஸ்லிம் இல்லங்களில் உமறுப் புலவரின் பெயரை அறியாதார் இலர். அவரது காலம் 1642 முதல் 1703 வரை என்பர். தந்தையார் செய்கு முதலியார் நறுமணப் பொருள் வணிகர். மதுரைக்குத் தெற்கே, கரிசல் மண் சூழ்ந்த எட்டயபுரத்தில் குடியேறியவர். அவ்வூர் அரசவைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்ற உமறு, பின்னர் அந்த அவையிலேயே புலவராக அமர்ந்தார்.

பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்வைத் தமிழில் காப்பியமாக்க வேண்டும் என்ற வள்ளல் சீதக்காதியின் வேட்கையே அவரைச் சீறாப்புராணம் பாடத் தூண்டிற்று. அரபு மூலங்களின் செய்திகளை மார்க்க மேதைகளிடம் கேட்டறிந்தார். வள்ளல் மறைந்தபின் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் ஆதரித்தார். மூன்று காண்டங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் உருவாயின.

அக்காப்பியத்தில் மக்கள் நெஞ்சில் நிலைத்தது மானுக்குப் பிணை நின்ற படலம். வேடனிடம் அகப்பட்ட பெண்மான், பசித்திருக்கும் தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடை வேண்டுகிறது. காட்டுக்குள் விட்ட மான் திரும்புமா என வேடன் நகைக்கிறான். நாயகம் (ஸல்) அவர்களோ தாமே பிணையாக நிற்கிறார்கள். மானும் சொன்ன சொல் தவறாது கன்றுடன் மீள்கிறது. வேடனின் உள்ளம் நெகிழ்ந்து ஈமான் கொள்கிறது.

இங்கே சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. வேட்டை வேடனின் பிழைப்பு. அவன் பொருளைப் பறித்து மானுக்கு இரக்கம் காட்டப்படவில்லை. இரங்கியவரே அதன் பொறுப்பைத் தம்மீது ஏற்றார்கள். பிறர் செலவில் காட்டும் கருணை எளிது. தன்னைப் பிணை வைத்துக் காட்டும் கருணையே அரிது. உமறு தமிழில் வரைந்து காட்டியது அந்த அரிய கருணையையே.

இந்நிகழ்ச்சியின் அறிவிப்புத் தொடர் குறித்து ஹதீஸ் கலை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் இதன் உட்பொருளுக்கு வேறு சான்று இருக்கிறது. பயணம் ஒன்றில் தோழர்கள் சிலர் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபிகளார், குஞ்சுகளைத் தாயிடமே விடப் பணித்த செய்தி அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளது.

இறைச்சி உண்ண இறைவன் அனுமதித்துள்ளான். அந்த அனுமதி கொடுமைக்கு உரிமையன்று. கத்தியை நன்கு தீட்டுக, அறுக்கப்படும் பிராணிக்கு வேதனையைக் குறைத்திடுக என்பதும் அதே நபியின் கட்டளையே. பிராணியின் கண்ணெதிரே கத்தி தீட்டுவதையும் அவர்கள் கண்டித்தார்கள்.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்குகையில் நம் வீட்டு வாசலில் கட்டப்படும் குர்பானி ஆட்டுக்கு வேளைதோறும் தழையும் தண்ணீரும் கிடைக்கின்றனவா? கயிறு அதன் கழுத்தை இறுக்காதிருக்கிறதா? வாங்கியவர் நாமாதலால் அறுக்கும் நொடிவரை அதற்குப் பிணையும் நாமே. அப்பொறுப்பை உணர்ந்து நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.