ராணி பார்க்காத கடிகாரம்

உலகப் புகழ் பெற்ற கடிகார நிபுணர், பிரெகே. 1747-ம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் உள்ள நூஷாடெல் நகரில் பிறந்தார்.

சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். தாயை மறுமணம் செய்தவர் கடிகாரத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்தவர். பிரெகேயும் பிரான்சுக்குச் சென்று அந்தத் தொழிலைக் கற்றார். 1775-ல் பாரீசில் சொந்தமாகக் கடை வைத்தார்.

செலவுக்கு வரம்பு இல்லை

1783-ல் ஒரு "ஆர்டர்" வந்தது. பிரான்சு ராணி மேரி அன்டாய்னெட்டுக்கு ஒரு கடிகாரம் வேண்டும். எத்தனை நுட்பங்கள் உண்டோ, அத்தனையும் அதில் இருக்க வேண்டும். முடிந்த இடம் எல்லாம் தங்கம். செலவுக்கும் காலத்துக்கும் வரம்பு இல்லை.

அந்தக் கடிகாரம் தேதியும் காட்டும். மாதத்துக்கு 30 நாளா, 31 நாளா என்பது அதற்கே தெரியும். பிப்ரவரிக்கு 28 நாள். நாலு ஆண்டுக்கு ஒரு முறை 29. இந்தக் கணக்கையும் சக்கரங்களே போட்டுக்கொள்ளும். மாதக் கடைசியில் கையால் திருத்த வேண்டாம்.

முகப்பு ஸ்படிகத்தால் ஆனது. உள்ளே சக்கரங்கள் ஓடுவதை வெளியில் இருந்தே பார்க்கலாம்!

புரட்சி

வேலை முடியும் முன்பே பிரான்சில் புரட்சி வெடித்தது. 1793-ல் ராணியின் தலை வெட்டப்பட்டது. பிரெகே சுவிட்சர்லாந்துக்குத் தப்பி ஓடினார். 1795-ல் திரும்பி வந்து, மீண்டும் தொழிலைத் தொடங்கினார்.

ராணி இல்லை. ஆனாலும் அந்தக் கடிகாரத்தை அவர் கைவிடவில்லை.

1823-ல் பிரெகே காலமானார். அப்போதும் வேலை முடியவில்லை. மகன் அதைத் தொடர்ந்தார். 1827-ல் கடிகாரம் முடிந்தது. "ஆர்டர்" கொடுத்து 44 ஆண்டுகள் ஆகி இருந்தன!

திருட்டு

1983-ல் ஜெருசலேம் நகரப் பொருட்காட்சி சாலையில் இருந்து அது திருடு போயிற்று. 20 ஆண்டுகளுக்கு மேல் சென்ற பிறகு திரும்பக் கிடைத்தது.

கேட்ட ராணி அதைப் பார்க்கவில்லை. செய்தவரும் முழுமையாகப் பார்க்கவில்லை. ஆனால், அவர் தொடங்கிய வேலை முடிந்தது.