கட்டை விரலால் கிதார் வாசித்த தொழிலாளி!

பகலில் தொழிற்சாலையில் வேலை. மாலையில் கொஞ்சம் தூக்கம். இரவில் ஒரு கிளப்பில் கிதார் வாசிப்பு. அது முடிந்ததும் இன்னொரு கிளப்பில் மறுபடியும் கிதார். வீடு திரும்பும்போது பொழுது விடியப் போகும்.

வீட்டில் மனைவியும் 7 குழந்தைகளும் இருந்தார்கள். அத்தனை வயிறும் நிறைய வேண்டுமே!

இப்படிப் பாடுபட்டவர்தான் வெஸ் மாண்ட்கோமரி. ஜாஸ் இசையில் இவரைப் போல கிதார் வாசித்தவர்கள் மிகச் சிலரே. ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பு இன மக்கள் உண்டாக்கிய இசை. மெட்டை வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் மனதில் தோன்றுவதை எல்லாம் வாசிப்பார்கள்.

வெஸ் 1923-ம் ஆண்டு அமெரிக்காவில் உள்ள இண்டியானாபொலிஸ் நகரில் பிறந்தார். அண்ணன் பெயர் மாங்க். தம்பி பெயர் பட்டி. அண்ணன் பாஸ் வாசிப்பார். தம்பி பியானோ வாசிப்பார்.

வெஸ்ஸுக்குக் குரு யாரும் இல்லை. இசைக் குறிப்பைப் படிக்கவும் தெரியாது. சார்லி கிறிஸ்டியன் என்ற மேதையின் இசைத்தட்டைக் கேட்டார். அப்படியே மயங்கிவிட்டார். மின்சார கிதார் ஒன்றை வாங்கினார். அப்போது அவருக்கு வயது சுமார் 20. கல்யாணமான புதிது.

அக்கம்பக்கத்தார் புகார்

வேலை முடிந்து வந்து வாசிப்பார். சத்தம் பொறுக்காமல் அக்கம்பக்கத்தார் புகார் செய்தார்கள். வெஸ் என்ன செய்தார்? தந்தியை மீட்டும் வில்லையைத் தூக்கிப் போட்டார். வலது கைக் கட்டை விரலால் மெதுவாக மீட்டினார்.

அதில் ஒரு தனி இனிமை பிறந்தது! பிறகு கடைசிவரை கட்டை விரல்தான். ஒரே சுரத்தை மேல் ஸ்தாயியிலும் கீழ் ஸ்தாயியிலும் சேர்த்து வாசிப்பார். அந்த வேகத்தைக் கண்டு மற்ற கிதார்காரர்கள் திகைத்தார்கள்.

1948-ல் லயனல் ஹாம்ப்டனின் பெரிய வாத்தியக் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகச் சென்றார். விமானம் என்றால் பயம். காரில்தான் போவார். 1950-ல் ஊர் திரும்பி, மறுபடியும் தொழிற்சாலைக்குப் போனார்.

அண்ணன் தம்பிகள்

1955-ல் சகோதரர்கள் மூவரும் நியூயார்க் சென்றார்கள். ஜான்சன் என்ற பெயருடைய நண்பர்கள் இருவரும் உடன் வாசித்தார்கள். இசைப்பதிவை நடத்தியவர் குயின்சி ஜோன்ஸ். பின்னாளில் உலகப் புகழ் பெற்றவர். அப்போது அவருக்கு 22 வயது.

ஆனால் இசைத்தட்டு வெளிவரவில்லை. பதிவான நாடா கிடங்கில் தூங்கியது.

அண்ணனும் தம்பியும் மேற்குக் கடற்கரைக்குப் பிழைக்கப் போய், தனிக் குழு அமைத்தார்கள். வெஸ் போகவில்லை. குடும்பத்தை விட்டு எப்படிப் போவது?

ஆனாலும் சகோதரர்கள் அவரை மறக்கவில்லை. 1957 டிசம்பர் 30-ந் தேதி சொந்த ஊரிலேயே மூவரும் சேர்ந்து வாசித்துப் பதிவு செய்தார்கள். அன்று உடன் டிரம்பெட் ஊதிய 19 வயது வாலிபர் பிரெடி ஹப்பர்ட். அவரும் பிறகு பெரும் புகழ் பெற்றார்.

1959-ல் கேனன்பால் அடர்லி என்ற சாக்சபோன் கலைஞர் கிளப்பில் வெஸ் வாசித்ததைக் கேட்டார். உடனே ரிவர்சைடு இசைத்தட்டுக் கம்பெனியிடம் சொன்னார். அதே ஆண்டில் ஒப்பந்தம் ஆயிற்று. அப்போது வெஸ்ஸுக்கு வயது 36!

புகழ் வந்தது. பிறகு பணமும் வந்தது. 1960, 61-ம் ஆண்டுகளில் அண்ணன் தம்பிகளோடு சேர்ந்தும் இசைத்தட்டுகள் கொடுத்தார். 1967-ல் கிராமி பரிசு பெற்றார்.

அந்த சுகத்தை நெடுநாள் அனுபவிக்கக் கொடுத்து வைக்கவில்லை. 1968 ஜூன் 15-ந் தேதி சொந்த ஊரில், வீட்டில் மாரடைப்பால் இறந்தார். வயது 45.

நியூயார்க்கில் 1955-ல் பதிவான அந்த இசை, 60 ஆண்டுகள் கழித்து 2015-ல் முழுமையாக வெளிவந்தது. அதைக் கேட்க மூன்று சகோதரர்களில் ஒருவர்கூட உயிரோடு இல்லை.