ஆல்ஃபிரட் பினே: அளவுகோலும் அதன் எல்லையும்

நுண்ணறிவுச் சோதனையின் தந்தை என அறியப்படும் ஆல்ஃபிரட் பினே 1857-இல் நீஸ் நகரில் பிறந்தார். 1878-இல் சட்டப் பட்டம் பெற்றார். ஆனால் வழக்காடாமல், பாரிஸின் தேசிய நூலகத்தில் அமர்ந்து உளவியலைத் தாமே கற்றார்.

பின்னர், சார்க்கோவின் மருத்துவமனையில் காந்தத்தைக் கொண்டு அவர் நடத்திய மனோவசிய ஆய்வுகள் பிழையென்று பெல்ஜிய அறிஞர் டெல்பேஃப் மெய்ப்பித்தார். சோதிப்பவரின் எதிர்பார்ப்பே முடிவாக வெளிப்பட்டிருந்தது. பினே தம் தவற்றை ஒப்புக்கொண்டார். அளப்பவரே அளவைத் திரிக்கக்கூடும் என்னும் பாடம் அவரை விட்டு நீங்கவில்லை.

தம் மகள்கள் இருவரின் சிந்தனைப் போக்கு வேறுபடுவதை ஆண்டுக்கணக்கில் உற்றுநோக்கி 1903-இல் நூலாக்கினார். 1904-இல், தனிக்கவனம் தேவைப்படும் மாணவரைக் கண்டறிய அரசு அமைத்த குழுவில் இடம்பெற்றார். மறு ஆண்டே தியோடர் சிமோனுடன் சேர்ந்து 30 பணிகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். 1908-இல் அதை வயதுவாரியாகத் திருத்தினார். ஒற்றைப் பணியின் முடிவு எதையும் மெய்ப்பிக்காது, பல பணிகள் சேர்ந்தே ஓரளவு சொல்லும் என்பது அவர் நிலைப்பாடு. பயிற்சியால் அறிவு வளரும் என்றும் உறுதியாக நம்பினார்.

இந்த எச்சரிக்கை இன்றும் பொருந்தும். சொல்லாற்றலில் உயர்வு, வடிவறிதலில் தாழ்வு எனக் குழந்தையைக் கூறுபோடும் அறிக்கைகள் மதிப்பெண்களின் வேறுபாட்டையே நம்புகின்றன. ஒவ்வொரு மதிப்பெண்ணிலும் பிழை உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது இரண்டின் பிழைகளும் வேறுபாட்டில் வந்து சேர்கின்றன. எனவே அந்த வேறுபாடு தனி மதிப்பெண்ணைவிட நம்பகம் குறைந்தது. பசி, உறக்கம், அந்நியர் மீதான அச்சம், சோதனையின் மொழி ஆகியவற்றால் எளிதில் மாறும் இளங்குழந்தைகளிடம் இது இன்னும் நிலையற்றது.

பினே 1911-இல் மறைந்தார். அமெரிக்காவில் காடார்டும் டெர்மனும் அவருடைய கருவியைப் பிறவி அறிவின் அளவாக மாற்றினர். அதன் விளைவு நீதிமன்றம்வரை சென்றது. கலிஃபோர்னியாவில் கறுப்பினக் குழந்தைகள் இத்தகைய சோதனைகளால் மனவளர்ச்சி குன்றியோர் வகுப்புகளுக்கு அளவுக்கு மிஞ்சி அனுப்பப்பட்டதை எதிர்த்துத் தொடரப்பட்ட லாரி பி. வழக்கில், அது பாகுபாடே என்று 1979-இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உதவியைக் கொண்டுவரவே பினே அளவுகோல் செய்தார். ஒரு மதிப்பெண் குழந்தையை வகுப்பிலிருந்து வெளியேற்றும் இடத்திலெல்லாம், அதன் பிழை எவ்வளவு, சோதனை எம்மொழியில் நடந்தது, மீண்டும் சோதித்தார்களா என்று கேட்பது பெற்றோரின் உரிமை. கேட்கத் துணைநிற்பது நம் கடமை.