இரத்த நாளத்தை மதித்த கை: அபுல் காசிம் அல்-ஸஹ்ராவி (ரஹ்)

திருவொற்றியூர், மணலி, எண்ணூர் என்று நீளும் ஆலைப் பகுதியில் இயந்திரத்தோடு வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பவர்கள் நம் மஹல்லாக்களில் ஏராளம். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஓர் இளைஞரின் ஆள்காட்டி விரல் கட்டிங் மெஷினில் துண்டானது. உடனிருந்தவர்கள் பதற்றத்தில் விரலை ஐஸ் கட்டிகளுக்கு நடுவே அப்படியே போட்டு எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஐஸ் நேரடியாகப் பட்டதில் சதை உறைந்து கெட்டுவிட்டது. விரலைப் பொருத்த முடியவில்லை.

நலம் விசாரிக்கச் சென்றபோதுதான் ஓர் உண்மை நமக்கு விளங்கியது. துண்டான விரலைப் பொருத்துவது என்றால் தோலைத் தைப்பது என்றே நாம் நினைத்திருந்தோம். அது பெரிய வேலையல்ல. விரலுக்குள் ஓடும், சுமார் 1 மில்லிமீட்டர் அகலமே உள்ள இரத்த நாளங்களை இணைப்பதுதான் வேலை. நாளம் இணைந்து இரத்தம் ஓடினால் விரல் வாழும். இல்லையென்றால் எவ்வளவு அழகாகத் தைத்தாலும் அது கருகிவிடும்.

அன்று நம் நினைவுக்கு வந்தவர்கள், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரத்த நாளத்தை அறியாமல் கத்தியைத் தொடாதீர்கள் என்று மருத்துவர்களை எச்சரித்த அபுல் காசிம் கலஃப் இப்னு அப்பாஸ் அல்-ஸஹ்ராவி (ரஹ்) அவர்கள்.

ஸஹ்ரா நகரத்து மருத்துவர்

ஸ்பெயின் நாட்டின் குர்துபா நகருக்கு அருகே, கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் கி.பி. 936-ல் மதீனத்துஸ் ஸஹ்ரா என்ற புதிய தலைநகரைக் கட்டத் தொடங்கினார். ஏறக்குறைய அதே காலத்தில் அங்கே பிறந்ததால் இவர்கள் ஸஹ்ராவி எனப்பட்டார்கள். முன்னோர் மதீனாவின் அன்ஸார்கள் வழிவந்தவர்கள் என்றும் கூறுவர்.

இவர்களுடைய வாழ்க்கை விவரங்கள் குறைவாகவே கிடைக்கின்றன. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உள்நாட்டுப் போர் மூண்டு மதீனத்துஸ் ஸஹ்ரா சூறையாடப்பட்டது. மாளிகைகளோடு ஏடுகளும் அழிந்தன. ஏறத்தாழ 1013-ல், அந்தக் குழப்பக் காலத்திலேயே ஸஹ்ராவி (ரஹ்) அவர்களும் இவ்வுலகைப் பிரிந்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அந்தலூஸ் வரலாற்றாசிரியர் ஹுமைதி சில வரிகளில் இவர்களைப் பற்றி எழுதினார். ஊர் அழிந்தது; இவர்கள் எழுதிய நூல் அழியவில்லை.

அந்த நூல்தான் அத்தஸ்ரீஃப். 30 பகுதிகள் கொண்ட மருத்துவக் களஞ்சியம். கி.பி. 1000-ஐ ஒட்டி நிறைவடைந்தது. அதன் கடைசிப் பகுதி முழுவதும் அறுவை சிகிச்சை: சூடு போடுதல், கீறுதலும் தைத்தலும், எலும்பு முறிவு என மூன்று பிரிவுகள். சுமார் 200 கருவிகளின் படங்களும் அதில் உண்டு. மாணவர்களைத் தம் பிள்ளைகள் என்றே அழைத்து எழுதினார்கள்.

கண்ணால் கண்ட மரணம்

அந்தப் பகுதியின் முன்னுரை பெருமையோடு தொடங்கவில்லை, வேதனையோடு தொடங்குகிறது. தம் நாட்டில் அறுவை சிகிச்சை தெரிந்தவர்கள் அருகிப் போனதை முதலில் சொல்கிறார்கள். பிறகு தாம் கண்ட ஒரு காட்சி. அறிவில்லாத மருத்துவர் ஒருவர் ஒரு பெண்ணின் கழுத்திலிருந்த கட்டியைக் கீறினார். தமனிகள் எங்கே ஓடுகின்றன என்பது அவருக்குத் தெரியாது. அவை அறுபட்டு இரத்தம் பெருகி, அவர் கையிலேயே அந்தப் பெண் உயிரிழந்தாள்.

உடலின் அமைப்பைப் படிக்காமல், நரம்பும் நாளமும் எங்கே பிரிகின்றன என்று அறியாமல் கத்தியெடுப்பவன் ஆளைக் கொல்வான் என்பதுதான் அந்த முன்னுரையின் சாரம். தோல்வியை மறைக்காமல் எழுதியதால்தான் அது பாடமாயிற்று.

தமனி அறுபட்டால் இரத்தத்தை நிறுத்த நான்கு வழிகளைக் கற்பித்தார்கள்: சூடு போடுவது, பாதி அறுபட்ட தமனியை முழுவதும் வெட்டி அதன் முனைகளைச் சுருங்க விடுவது, நூலால் இறுகக் கட்டுவது, மருந்து வைத்து அழுத்திக் கட்டுவது.

இன்னொரு நிகழ்வு. தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்ட ஓர் அடிமைப் பெண்ணைப் பார்க்க அழைக்கப்பட்டார்கள். காயத்தின் வழியே மூச்சுக் காற்று வந்துகொண்டிருந்தது. பெரிய நாளம் எதுவும் அறுபடவில்லை என்பதைக் கண்டு, உடனே காயத்தைத் தைத்தார்கள். அவள் பிழைத்தாள், குரல் மட்டும் சற்றுக் கரகரத்தது. முன்னவள் இறந்ததற்கும் இவள் பிழைத்ததற்கும் நடுவில் நிற்பது நாளத்தைப் பற்றிய அறிவு.

மிகையில்லாமல் சொல்வோம்

நம் மேடைகளில் எல்லாவற்றையும் முதலில் கண்டுபிடித்தவர்கள் ஸஹ்ராவி (ரஹ்) அவர்களே என்று பேசுவதுண்டு. அது சரியல்ல. தமனியைக் கட்டும் முறை கிரேக்க, ரோம மருத்துவர்களுக்கும் தெரியும். முன்னோர் நூல்களைக் கற்று, தம் அனுபவத்தில் உரைத்துப் பார்த்து, படம் வரைந்து, அடுத்தவர் செய்யக்கூடிய வகையில் எழுதி வைத்ததே இவர்களின் பணி. விலங்கின் குடலிலிருந்து முறுக்கிய நூலால் கிழிந்த குடலைத் தைப்பதையும் எழுதியிருக்கிறார்கள்.

12-ஆம் நூற்றாண்டில் டொலேடோ நகரில் கிரெமோனாவின் ஜெரார்டு அந்த அறுவைப் பகுதியை இலத்தீனில் மொழிபெயர்த்தார். அல்புகாசிஸ் என்ற பெயரில் ஐரோப்பா பல நூற்றாண்டுகள் அதைப் படித்தது. 1497-ல் வெனிஸில் அச்சாகியது.

கட்டுவதிலிருந்து இணைப்பதற்கு

நாளத்தைக் கட்டினால் உயிர் பிழைக்கும். ஆனால் இரத்தம் போகாத உறுப்பை இழக்க நேரிடலாம். அறுந்த நாளத்தை மீண்டும் இணைக்கும் தையல் முறையை வகுத்த அலெக்சிஸ் கேரல் 1912-ல் நோபல் பரிசு பெற்றார். 1960-ல் அமெரிக்காவில் ஜேக்கப்சன், நுண்ணோக்கியின் கீழ் மிகச் சிறிய நாளங்களைத் தைத்துக் காட்டினார். 1965-ல் ஜப்பானின் நாரா மாகாணத்தில் கோமாட்சு, தமாய் என்ற இருவர், முற்றிலும் துண்டான கட்டைவிரலை இப்படிப் பொருத்தினார்கள்.

அந்தக் கலை நம் வாசலுக்கும் வந்தது. இராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி அரசு மருத்துவமனையை நம் பாட்டன்மார் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. அங்கே 1970-களின் தொடக்கத்தில் பேராசிரியர் ஆர்.வெங்கடசுவாமி கைக்கான அறுவை சிகிச்சைப் பிரிவை உருவாக்கினார். துறைமுகமும் ஆலைகளும் சூழ்ந்த இடத்தில் கைதான் பிழைப்பு. இன்று அது கைக்கென்றே தனி நிலையமாக வளர்ந்திருக்கிறது. தலைமுடியைவிட மெல்லிய நூலால், நுண்ணோக்கியில் பார்த்து நாளங்களைத் தைக்கும் சிகிச்சையை ஏழைத் தொழிலாளிக்கும் எட்டச் செய்த இடம் அது.

நாம் செய்ய வேண்டியது

ஷரீஅத்தில் ஒரு விரலுக்கான தியத், முழு உயிருக்கான தியத்தில் பத்தில் ஒரு பங்கு. கட்டைவிரலானாலும் சுண்டுவிரலானாலும் ஒரே அளவு. விரலின் மதிப்பு அவ்வளவு. எனவே வீட்டிலும் வேலையிடத்திலும் இதைச் சொல்லி வையுங்கள்.

விரல் துண்டானால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வைக்க வேண்டும். துண்டான விரலில் அழுக்கு இருந்தால் சுத்தமான நீரில் லேசாக அலசி, ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்ட வேண்டும். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பைக்குள் வைக்க வேண்டும். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது, தண்ணீரில் ஊறவும் கூடாது. 108-ஐ அழைத்துத் தாமதமின்றிச் செல்ல வேண்டும். கையோ காலோ துண்டானால் நேரம் இன்னும் குறைவு. சதை அதிகமுள்ள உறுப்பு 6 மணி நேரத்துக்குள் கெடத் தொடங்கும். இந்தச் சிறு அறிவு இருந்திருந்தால் அந்த இளைஞரின் விரல் ஒருவேளை பிழைத்திருக்கும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயா என்று வகுத்தார்கள். ஊரில் ஒருவரும் கற்காவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். ஸஹ்ராவி (ரஹ்) அவர்களின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவது எளிது. நம் வீட்டுப் பிள்ளை ஒன்று அந்த நுண்ணோக்கியின் முன் அமரும்படி படிக்க வைப்பதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

உழைக்கும் கைகளை அல்லாஹ் பாதுகாப்பானாக! அவற்றைக் காக்கும் கல்வியை நம் பிள்ளைகளுக்கு எளிதாக்கித் தருவானாக! ஆமீன்.