ஸ்கோப் இல்லை... காற்றுதான் துணை! ஆட்கொல்லி புலிகளை வீழ்த்திய ஜிம் கார்பெட் யார்?

1875ல் நைனிடாலில் பிறந்தவர் ஜிம் கார்பெட். தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப், அவருடைய ரிக்பி ரைபிளில் கிடையாது. புதருக்குள் பதுங்கியிருக்கும் புலி சில அடி தூரத்தில் பாயும்போது, ஸ்கோப்பில் கண்ணை வைக்க ஏது நேரம்?

அப்போ எப்படித் தப்பித்தார்? காற்றை வைத்து!

மனிதனுக்கும் மான் மாதிரி மோப்ப சக்தி உண்டு என்று புலி நினைக்கும் என்பது அவர் கணக்கு. அதனால் தன் வாடை நம்மிடம் வராதபடி, காற்று வீசிப் போகும் பக்கத்திலிருந்துதான் ஆட்கொல்லி நெருங்கும். காற்று முகத்தில் அடித்தால், ஆபத்து முதுகுக்குப் பின்னால்! எனவே நேராகப் போகாமல் வளைந்து வளைந்து நடப்பார். ஆபத்து இடது, வலது பக்கங்களுக்கு மாறிவிடும். கண்ணில் பட வாய்ப்பு உண்டு.

ருத்ரபிரயாகில் 8 ஆண்டுகளில் 125 பேரைக் கொன்றது ஒரு சிறுத்தை. பொழுது சாய்ந்தால் ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. 1926ல் மாமரத்தில் காத்திருந்தார் கார்பெட். இருட்டில், கீழே கட்டியிருந்த ஆட்டின் மணி சத்தம். ரைபிளில் பொருத்திய டார்ச்சை அழுத்தினார். ஒரே குண்டு!

பிறகு கேமராவைக் கையில் எடுத்து, காடுகளைக் காக்கப் பேசினார். 1955ல் கென்யாவில் காலமானார். 1936ல் தொடங்கிய இந்தியாவின் முதல் தேசியப் பூங்காவுக்கு பின்னர் அவர் பெயரே வைக்கப்பட்டது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, இன்று புலி வேட்டை குற்றம்.