பவளமும் கற்கோடரியும்

பாம்பன் நீரிணையைக் கடந்து இராமேசுவரம் தீவின் வடகரையோரமாக நடப்பவர், அலை எட்டாத மேட்டில் பவளப்பாறைகள் காய்ந்து கிடப்பதைக் காணலாம். புயலில் ஒதுங்கிய துண்டுகள் மட்டுமல்ல அவை. அவற்றுட் பல, வளர்ந்த இடத்திலேயே வளர்ந்த நிலையிலேயே நிற்பவை. பவளவுயிரி நீருக்கு வெளியே வாழாது. எனவே அவை உயிரோடிருந்த நாளில் கடல் அவற்றை மூடியிருந்திருக்க வேண்டும். பலருக்குக் கட்டடக் கல்லாகவும் சுண்ணாம்பாகவும் மட்டுமே தோன்றிய அப்பாறையில் கடலின் பழைய எல்லையைக் கண்டவர் இராபர்ட் புரூஸ் ஃபூட்.

இங்கிலாந்தில் 1834ஆம் ஆண்டு பிறந்த ஃபூட், தம் 24ஆம் வயதில், 1858இல், இந்திய நிலப்பொதியியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். அடுத்த ஆண்டு சார்லசு டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்தது. அதே 1859இல் பிரான்சு நாட்டின் சோம் ஆற்றுப் படுகையில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கிடைத்த கற்கோடரிகள் மனிதன் செய்தவையே என்பதை ஆங்கில அறிஞர்கள் ஏற்றனர். மனிதன் தோன்றி ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டுகளே ஆயின என்னும் நம்பிக்கை ஐரோப்பாவில் பரவலாக நிலவிய காலம் அது. அந்நம்பிக்கையின் அடித்தளம் அசைந்துகொண்டிருந்தபோதுதான் ஃபூட் தென்னிந்தியாவில் தம் பணியைத் தொடங்கினார்.

அவருடைய அலுவல் பாறைகளை ஆராய்ந்து நிலப்பொதியியல் வரைபடங்கள் ஆக்குவது. எனினும் 1863 மே 30ஆம் நாள் பல்லாவரத்தில், செம்புரைக்கல் சரளை தோண்டப்பட்ட குழி ஒன்றில், மனிதக் கையால் செதுக்கப்பட்ட கல் ஒன்று அவர் கண்ணில் பட்டது. சோம் ஆற்றுக் கருவிகளைப் பற்றி அறிந்திராத ஒருவர் அதைக் காலால் தள்ளிவிட்டு நடந்திருப்பார். அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில், உடன் பணியாற்றிய வில்லியம் கிங்குடன் கொசஸ்தலையாற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு இக்கண்டுபிடிப்புகளிலிருந்தே கணக்கிடப்படுகிறது.

தமிழறிஞர் பீட்டர் பெர்சிவல் ஃபூட்டின் மாமனார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தவர் அவரே. சமயப்பணியாளர் ஒருவரின் மருமகன், மனிதனின் பழைமையைப் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளும் சான்றுகளைத் தேடி வாழ்நாள் முழுதும் அலைந்தார்.

மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலப்பொதியியல் குறித்த அவரது நூல் 1883இல் வெளிவந்தது. பின்னர், 1880களின் இறுதியில், இராமேசுவரம் தீவைப் பற்றிய குறிப்புகளைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் எழுதினார். பாம்பன் தொடர்வண்டிப் பாலம் அமையாத காலம் அது. மண்டபத்துக்கும் தீவுக்கும் இடைப்பட்ட நீரைப் படகில்தான் கடக்க வேண்டும். பவளத்திட்டுகள் குறித்து 1842இல் டார்வின் எழுதிய நூல், கடற்றரை மெல்லத் தாழத் தாழப் பவளம் மேல்நோக்கி வளரும் என்று விளக்கியது. இராமேசுவரத்தில் காணப்பட்டதோ அதற்கு மறுதலையான காட்சி. பவளம் கடலைவிட்டு மேலே வந்திருந்தது. தரை உயர்ந்தாலும் கடல்மட்டம் தாழ்ந்தாலும் இவ்வாறு நிகழும். ஃபூட் தரை உயர்ந்ததன் அடையாளமாக அதைக் கொண்டார். கடல்மட்டமே அக்காலத்தில் இன்றைவிடச் சற்று உயர்ந்திருந்தது என்னும் விளக்கமும் பிற்காலத்தில் எழுந்தது. கதிரியக்கக் கரிம முறையால் 20ஆம் நூற்றாண்டில் அளந்தபோது, அப்பவளத்தின் வயது சுமார் 4000 ஆண்டுகள் எனத் தெரிந்தது.

நான்காயிரம் ஆண்டு மனிதருக்கு நெடுங்காலம்; பவளத்திற்கு அன்று. கரையில் இறந்து நிற்கும் பவளத்தின் உறவினங்கள் மன்னார் வளைகுடாவில் இன்றும் உயிரோடுள்ளன. ஒரே பெற்றோரின் வழித்தோன்றல்கள் சிறுசிறு வேறுபாடுகளுடன் பிறக்கின்றன. சூழலுக்கு இயைந்த வேறுபாடுடையவை மிகுதியாகப் பிழைத்து, அவ்வேறுபாட்டைத் தம் வழியினருக்கு விட்டுச் செல்கின்றன. டார்வின் இயற்கைத் தேர்வு என்றது இதனையே. ஒரு சிற்றினம் பிறிதொன்றாக மாறுவதற்குப் பெரும்பாலும் இத்தகைய எண்ணற்ற தலைமுறைகள் வேண்டும். ஆகவே பாம்பன் பவளத்தில் பெருமாற்றத்தைத் தேடுவது வீண். அரியலூர்ப் பகுதிப் பாறைகளில் சுருள் வடிவில் பதிந்துள்ள அம்மோனைட்டுகளின் நிலை வேறு. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் பல்கியிருந்த அவற்றின் குலத்தில் ஓரினமும் இன்று எஞ்சவில்லை.

இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட காலத்தை ஃபூட் கர்நூல் பகுதிக் குகைகளில் கண்டார். பில்ல சுர்க்கம் எனப்படும் அக்குகைகளில் 1884ஆம் ஆண்டளவில் அவரும், பின்னர் அவர் மகன் ஹென்றியும் அகழ்ந்தனர். கிடைத்த எலும்புகளை ரிச்சர்டு லைடெக்கர் ஆராய்ந்தார். இன்றும் நம் காடுகளில் உலவும் விலங்குகளின் எலும்புகளுடன் அழிந்துபோன காண்டாமிருக இனம் ஒன்றின் எலும்பும் அங்கே இருந்தது. இன்று ஆப்பிரிக்கப் பகுதிகளில் வாழும் பபூன் குரங்கின் எலும்பையும் அவர் இனங்கண்டார். சில இனங்கள் நிலைத்தன, சில மறைந்தன, சில இந்நிலத்தைவிட்டு நீங்கின. எலும்பாற் செய்த கருவிகளும் கிடைத்தன. கற்கோடரி செய்த தொன்மனிதனின் எலும்பு மட்டும் ஐயத்துக்கிடமின்றிக் கிடைக்கவில்லை. அக்குறை ஃபூட்டின் வாழ்நாளில் தீரவேயில்லை.

மற்றொரு புதிரும் அவரை விடவில்லை. பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் இடையே மனித வாழ்வின் தடயமில்லாத நீண்ட இடைவெளி இருந்தது என அவர் கருதினார். இதில் அவர் கருத்துப் பிழைபட்டது. திருநெல்வேலிச் சீமையின் செம்மணல் தேரிகளை ஆராய்ந்தபோது சாயர்புரத்தில் அவரே கற்சில்லுகளைக் கண்டிருந்தார். அத்தேரிகளில் கிடைப்பவை இடைப்பட்ட காலத்துக்குரிய நுண்கற்கருவி மரபைச் சேர்ந்தவை எனப் பிற்கால அறிஞர்கள் காட்டினர். இடைவெளியை நிரப்பும் சான்று அவர் கைக்கு எட்டியிருந்தும் அதன் பொருள் அவருக்கு எட்டவில்லை.

அரசுப் பணியிலிருந்து 1891இல் ஓய்வுபெற்ற பின்னரும் அவர் ஓயவில்லை. பரோடா அரசுக்காகவும் மைசூர் அரசுக்காகவும் பணியாற்றினார். ஏற்காட்டில் வாழ்ந்துகொண்டு, ஏறத்தாழ 40 ஆண்டுகளாகத் திரட்டிய கருவிகளையும் மட்கலங்களையும் ஒழுங்குபடுத்தினார். அத்தொகுப்பு 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு உரியதாயிற்று. 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அவர் மறைந்தார். தொகுப்பைப் பற்றிய அவருடைய விரிவான விளக்கநூல் 1916இல்தான் அச்சேறியது.

அத்திரம்பாக்கத்தின் மிகப் பழைய கருவிகள் சுமார் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011இல் வெளியான ஆய்வு அறிவித்தது. தொன்மனிதனின் எலும்பும் ஒருநாள் கிடைத்தது, தமிழகத்தில் அன்று. நருமதை ஆற்றங்கரையிலுள்ள ஹத்னோராவில் 1982இல் மண்டையோட்டின் ஒரு பகுதியைக் கண்டெடுத்தார் அருண் சொனாக்கியா. அவரும் ஃபூட் பணியாற்றிய அதே ஆய்வுத்துறையின் அலுவலரே.