கைக்கிளையும் கற்பனை மாந்தரும்: ரூசோவின் வாழ்வை முன்வைத்து

ழான் ழாக் ரூசோ 1712இல் ஜெனீவாவில் பிறந்தார். சில நாள்களிலேயே தாயை இழந்தார். தாய் விட்டுச்சென்ற புதினங்களைத் தந்தையும் சிறுவனும் விடியற்காலைப் பறவையொலி கேட்கும்வரை மாறிமாறிப் படித்ததுண்டு.

1756இல் பாரிஸை நீங்கி மோன்மொரான்சிக் காட்டோரச் சிறுவீடொன்றில் குடியேறினார். நாற்பதைக் கடந்த அவர், தம் நெஞ்சிற்கு ஒத்தாரை உலகில் காணாது, ஜூலி, கிளேர் என்னும் இருவரைக் கற்பனையில் படைத்தார். ஜூலியின் காதலனிடத்துத் தம்மையே நிறுத்திக்கொண்டார். அவர்களின் கடிதங்களைப் பொன்விளிம்புத் தாளில் படியெடுத்து, வெள்ளிப்பொடி தூவி மையுலர்த்தி, நீலநாடாவால் தைத்தார். காதலிக்கு அனுப்பும் மடலுக்கும் இத்தனை ஒப்பனை அரிது.

மறுமொழி பெறாமலே தன் சொல்லில் தானே இன்புறுவதைத் தொல்காப்பியர் கைக்கிளைக்கு உரியதாக்குவார். அங்கே மறுமொழி கூறாதவள் இருக்கிறாள். இங்கே அவளே இல்லை.

1757இல் சோஃபி தூதெத்தோ அவ்வீட்டிற்கு வந்தார். வேறொருவரிடம் அன்பு பூண்டிருந்த அவரிடம் ரூசோ ஜூலியையே கண்டார். சோஃபியே ஜூலிக்கு மூலம் என்பாரும் உளர். புதினத்தின் முற்பகுதி முன்னரே எழுதப்பட்டுவிட்டமையின் அது பொருந்தாது. நிழல் முந்தியது, உரு பிந்தியது. அக்காதல் கைகூடவில்லை, நட்புகளும் முறிந்தன, அவ்வாண்டு இறுதியில் வீட்டையும் துறந்தார்.

1761இல் புதினம் வெளிவந்தது. ஜூலி உண்மையில் வாழ்ந்தவளா எனப் படித்தோர் கடிதங்களில் வினவினர். ரூசோ தெளிவாக விடையிறுக்கவில்லை. 1778இல் அவர் மறைந்த பின்னரும், ஜூலியின் இல்லத்தைத் தேடிப் பயணிகள் ஜெனீவா ஏரிக்கரைக் கிளாரனுக்குச் சென்றவண்ணம் இருந்தனர்.